ஒற்றைச் சங்கு

முன்னொரு காலத்தில் தாமரைப்பாடி நாட்டைத் துயில்மாறன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று சொல்வது வழக்கம் கருதித்தான். உண்மையில் தூங்கினான். பெரிய ஏரியின் நடுவே மண்டபம் கட்டி, அதில் வெள்ளி ஊஞ்சல் மாட்டி, தாமரை இலைகள் படியைத் தொட வேண்டும் என்பதற்காக மதகுகளை அடைத்து நீரை உயர்த்தி வைத்திருந்தான். மார்கழிப் பனி இறங்கிவிட்டால் கரை மறையும், வானம் மறையும். ராஜாவும் அவன் கனவும் மட்டும் மிதந்துகொண்டிருக்கும்.

கரையிலிருந்து வரும் முறையீடுகள் அந்தக் கனவைக் கலைத்தன. அதற்காக ஒருவரை அமர்த்தியிருந்தான். பட்டப்பெயர் சொற்சாறர். கரும்பைப் பிழிவதுபோல் யார் பேச்சையும் பிழிந்து ஒரு சொல்லாக்கி ராஜாவின் காதில் விடுவார். வேறு யாராவது கரைச் செய்தியைத் தொடங்கினால் ராஜா இரண்டு அல்லி மொட்டுகளை எடுத்துக் காதில் செருகிக்கொள்வான்.

ஒருநாள் காலை, கீழ்க்கரையிலிருந்து பூவாத்தாள் என்பவள் பரிசலில் வந்து மண்டபத்துப் படியில் நின்றாள். அவள் வீடு ஏரிக்கரைக்கு நேர் கீழே.

"சாமி! கரையடியில தண்ணி கசியுது. எங்க வீட்டு அடுப்புக்குள்ளேயே ஊத்து ஊறுது. மதகைத் திறக்கச் சொல்லுங்க!"

சொற்சாறர் திரைக்கு உள்ளே போனார். "என்னவாம்?" என்றான் ராஜா, கண்ணைத் திறக்காமல்.

"நீர்வளம், மகாராஜா."

"ஆகா!" என்று ராஜா ஊஞ்சலைக் காலால் உந்தினான்.

பக்கத்தில் நின்ற அமைச்சர் கொற்றங்குடியாருக்குப் பொறுக்கவில்லை. "அரசே, அவள் சொன்னது..." என்று ஆரம்பித்தார். மொட்டுகள் காதுக்கு ஏறின.

"அமைச்சருக்கு என் பதவிமேல் கண்" என்று சிரித்தார் சொற்சாறர். "நான் ஒரு சொல்லில் சொல்வதை அவர் ஒரு பொழுது முழுதும் சொல்வார்."

"நான் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை ஐயா" என்றார் அமைச்சர், சத்தமாக. "சொல்லே இல்லாமல் அரசருக்குப் புரியவைப்பேன்."

ராஜா ஒரு மொட்டைக் கழற்றினான். வேடிக்கை என்றால் அவனுக்குத் தூக்கம்கூட இரண்டாம் பட்சம்.

"சரி. ஒரே ஒரு சங்கொலி தருகிறேன். அதற்குமேல் என் காது தாங்காது. அதில் இந்தப் பெண்ணின் குறை எனக்கு விளங்கினால் அவள் கேட்டது கிடைக்கும். விளங்காவிட்டால் உமக்குப் பதவி இல்லை, அவள் ஊருக்கு இனி என் வாசல் இல்லை."

"சம்மதம். ஆனால் கேள்வியைத் தாங்கள்தான் கேட்க வேண்டும். ஆம் என்றால் அவள் ஊதுவாள். இல்லை என்றால் சும்மா இருப்பாள். சும்மா இருப்பதற்குத் தாங்கள் எண் வைக்கமாட்டீர்களே?"

"சத்தமில்லாததை எண்ணுவானேன்? எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும்."

அமைச்சர் தம் சங்கைப் பூவாத்தாளிடம் கொடுத்தார். "தாயே, மூச்சு ஒன்றுதான். எதற்குச் செலவழிப்பது என்று உனக்குத்தான் தெரியும்."

பூவாத்தாளோடு பரிசல் கீழ்க்கரை நோக்கிப் பனிக்குள் கரைந்தது. சற்றுப் பொறுத்து, அரண்மனைக் கட்டியக்காரன் படியில் நின்று, ராஜாவின் கேள்விகளை நீரின்மேல் உரக்க அனுப்பினான்.

"கீழ்க்கரையில் எல்லாரும் நலமா?"

பனி. தாமரை இலையில் ஒரு துளி உருண்டது. சங்கு ஒலிக்கவில்லை.

"மௌனம் சம்மதம் மகாராஜா!" என்றார் சொற்சாறர்.

"இல்லை ஐயா. மௌனம் என்றால் 'இல்லை' என்றுதானே பேச்சு?" என்று ராஜா எழுந்து உட்கார்ந்தான்.

சொற்சாறருக்கு வியர்த்தது. அந்த ஒற்றைச் சங்கை வீணாக்கிவிட ஒரு வழி தோன்றியது. "பசிக்கிறதா என்று கேளுங்கள், மகாராஜா."

"பசிக்கிறதா?"

அமைச்சர் கண்ணை மூடிக்கொண்டார். நெடுநேரம் நீர் மட்டும் அலம்பியது.

"பார்த்தீர்களா, பசியே இல்லை!" என்றார் சொற்சாறர். வாய் சிரித்தது, முகம் சிரிக்கவில்லை.

"பசி இல்லாத ஊர் ஏன் நலமில்லை என்கிறது?" ராஜா ஊஞ்சலைவிட்டு இறங்கினான். "நோயா?" மௌனம். "கள்வரா?" மௌனம். "தீயா?" மௌனம். ஒவ்வொரு மௌனத்துக்கும் ஒரு படி இறங்கினான். கடைசிப் படியில் ஏரி அவன் பாதத்தைத் தொட்டது. குனிந்து பார்த்தான். இவ்வளவு நாளும் அழகென்று நினைத்த நீர், இவ்வளவு உயரம்.

கட்டியக்காரனுக்குக் காத்திராமல் தானே கூவினான்: "என் ஏரியாலா?"

சங்கு ஊதிற்று. மூச்சு முடியும்வரை ஊதிற்று. பனி நடுங்கியது. கொக்குகள் எழுந்தன. ராஜாவின் காதிலிருந்த மற்றொரு மொட்டு தானாக விழுந்தது.

அன்றே எல்லா மதகுகளும் திறந்தன. தாமரைகள் தாழ்ந்து சேற்றில் படுத்தன. மண்டபத்தின் பாசிபிடித்த கால்கள் வெளியே தெரிந்தன. ராஜா கீழ்க்கரைக்கு நடந்தே போனான். பூவாத்தாளின் அடுப்பில் தவளை ஒன்று உட்கார்ந்திருந்தது. பானை கவிழ்ந்திருந்தது.

"பசிக்கிறதா என்று கேட்டேனே. ஏன் ஊதவில்லை?"

"பசிச்சதுங்க ராசா. நீங்க குடுத்தது ஒத்தச் சங்கு. பசிக்கு ஊதிட்டா பிள்ளைங்க முழுகிப்போகும். அதான் பசியை முழுங்கிட்டேன்."

ராஜா தலை கவிழ்ந்தான். களஞ்சியத்தைத் திறக்கச் சொன்னான். சொற்சாறரை அந்தக் கரைமேலேயே குடியிருத்தி, ஒவ்வொருவர் சொல்வதையும் இருமல் உட்பட ஒன்றுவிடாமல் வந்து ஒப்பிக்கவேண்டும் என்றான். அவர் எதையும் தள்ளப் பழகியவர், எதையும் சுமக்கப் பழகாதவர். இரண்டாம் வீட்டிலேயே அழுதுவிட்டார்.

"உமக்கு என்ன வேண்டும்?" என்று ராஜா அமைச்சரைக் கேட்டான்.

"இனிமேல் சங்குக்கு எண் வைக்காதீர்கள் அரசே. சாறு தங்களுக்கு இனித்தது. சக்கை என்று எறிந்ததில்தான் அவள் பிள்ளைகள் இருந்தார்கள்."

அப்படியே ஆகட்டும் என்றான் ராஜா. அவன் போனான், அவனுக்குப் பின் எத்தனையோ ராஜாக்கள் வந்தார்கள், மண்டபங்களும் வந்தன. கீழ்க்கரைக்காரர்கள் மட்டும் அந்தச் சங்கை இன்னும் கீழே வைக்கவில்லை.