நாலாவது ஆள்

ஒரு காட்டில் கோடைத் தண்ணீருக்கான சண்டை தை மாதத்திலேயே முடிந்துவிடும். கடித்துக் குதறி அல்ல, பிள்ளைகளே. ஓடி!

ஓட்டம் என்றால் சும்மா ஓட்டமா? புல்மலையில் ஓட வேண்டும். செங்குத்துப் பாறையில் ஏற வேண்டும். முள்காட்டைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும். கடைசியில், மழைத்தண்ணீர் இன்னும் வடியாத ஆற்றைக் கடந்து, அக்கரையில் இருக்கும் வட்டப்பாறைமேல் ஏற வேண்டும். அணிக்கு நான்கு பேர். நால்வரும் சேர்ந்தேதான் போக வேண்டும். அன்று ஒரு நாள் மட்டும் யாரும் யாரையும் கடிக்கக் கூடாது.

வெல்லும் அணிக்கு என்ன கிடைக்கும் தெரியுமா? ஆழமடு! ஆறே மணலாகிப் போகும் சித்திரையிலும் வற்றாத ஒரே மடு. அதில் யார் முதலில் குடிப்பது, யார் பிறகு குடிப்பது என்பதை அந்தக் கோடை முழுவதும் வென்ற அணியின் தலைவர்தான் முடிவு செய்வார்.

சென்ற ஆண்டு செந்நாய்கள் வென்றன. மடுவைச் சுற்றிப் படுத்துக்கொண்டு ஒருவரையும் அண்ட விடவில்லை. கரையோரப் பொந்தில் வாழ்ந்த நீர்நாய் ஒன்றின் இரண்டு குட்டிகள் சேற்றை நக்கி நக்கியே கோடையைக் கழித்தன.

இந்த ஆண்டு தாய் விலங்குகளெல்லாம் ஒன்று சேர்ந்து, நடுவரான நாரையிடம் வாதாடி, ஒரு புது விதியை வாங்கிவிட்டன. ஒவ்வோர் அணியிலும் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும்!

"இது என்னடா புதுத் தலைவலி!" என்றது கடமான். அதன் கொம்புகளைப் போலவே அதன் கர்வமும் கிளைவிட்டு வளர்ந்திருந்தது. அதன் அணியில் வாயாடிக் குரங்கு ஒன்றும், முரட்டுக் காட்டுப்பன்றி ஒன்றும் ஏற்கெனவே இருந்தன. நாலாவது இடம் காலியாக இருந்தது.

"உங்கள் பெண்மான்கள் மேற்குச் சரிவில் அல்லவா மேய்கின்றன? கூட்டிவர நேரமில்லையே!" என்றது குரங்கு.

"யாரையாவது பிடித்து வா. எண்ணிக்கைக்குத்தானே!"

குரங்கு சுற்றுமுற்றும் பார்த்தது. ஆற்றங்கரையில் அதே நீர்நாய் ஒரு மீனைத் தின்றுகொண்டிருந்தது.

"ஏம்மா, சும்மாதானே இருக்கிறாய்? எங்களோடு ஓட வருகிறாயா?"

பாதி மீனை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தது நீர்நாய்.

"வருகிறேன்! வென்றால் என் குட்டிகளுக்கும் தண்ணீர் உண்டுதானே?"

"முதலில் என் மந்தை," என்றது கடமான். "அப்புறம் குரங்குக் கூட்டம். அப்புறம் பன்றிகள். மிச்சம் இருந்தால் பார்ப்போம்."

"நான்கு பேர் ஓடினால் நான்கு பங்கு. இதில் மிச்சம் என்பது எங்கிருந்து வந்தது?"

"வந்ததும் வராததுமாக வழக்கா!" என்று உறுமியது பன்றி.

"வழக்கு இல்லை, கேள்வி. சரி, உங்கள் பெயர்களையாவது சொல்லுங்கள். காட்டுக்குள் பிரிந்துவிட்டால் கூப்பிட வேண்டாமா?"

"கொம்பையன்," என்றது கடமான், வானத்தைப் பார்த்தபடி.

"தொங்கான்," என்றது குரங்கு, தலைகீழாகத் தொங்கியபடி.

"கிழங்கன்," என்றது பன்றி. அதன் வாயில் பாதிக் கிழங்கு இருந்தது.

நீர்நாய் மூன்று பெயர்களையும் ஒரு முறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டது. பிறகு மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் காத்திருந்தது.

அதற்குள் நாரை ஒற்றைக் காலில் நின்று தொண்டையைச் செருமியது.

"கேளுங்கள்! தலைவர் கழுத்தில் ஆவாரம்பூ மாலை இருக்கும். வட்டப்பாறையில் நால்வரும் ஏறியதும், மாலை போட்டிருப்பவர் தம் அணியின் நான்கு பெயர்களையும் உரக்கச் சொல்ல வேண்டும். நான்காவது பெயர் என் காதில் விழுகிற நொடியில்தான் ஓட்டம் முடியும். மற்றவர் வாயைத் திறந்தால் அந்த அணி வெளியே!"

"நடுவரே," என்று நீர்நாய் முன்கையை உயர்த்தியது. "மாலையை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிப் போடலாமா?"

"போடலாம். அதற்குத் தடை இல்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளில் தானாக மாலையைக் கழற்றிய தலைவரை நான் பார்த்ததே இல்லை."

எல்லாரும் சிரித்தார்கள். கடமான்தான் கழுத்து மாலை குலுங்க எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது.

நாரை இறக்கைகளைப் படபடவென்று அடித்தது. "ஓடுங்கள்!"

அப்பப்பா, அந்த ஓட்டத்தை என்னவென்று சொல்வது! புல்மலை முழுவதும் குளம்புச் சத்தம். செந்நாய்கள் நான்கும் ஒன்றுக்கொன்று சீழ்க்கையடித்துக்கொண்டு பாய்ந்தன. கடமான் காற்றாய்ப் பறந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தால், நீர்நாய் புல்லுக்குள் எங்கேயோ முங்கி முங்கி வந்துகொண்டிருந்தது.

"குட்டைக்கால்! நீ வந்து சேர்வதற்குள் அடுத்த தை வந்துவிடும்!" என்று கத்திய கடமான், குரங்கிடம் ஓணான்கொடி ஒன்றைப் பறித்துவரச் சொன்னது. குரங்கு அதன் ஒரு நுனியை நீர்நாயின் இடுப்பில் கட்டியது. மறுநுனி கடமானின் கழுத்துக்குப் போனது. தரதரவென்று இழுத்தது கடமான்.

"ஏய், வயிறு தேய்கிறது! குட்டைக்கால் என்பது உண்மைதான். இழுத்தால் வேகமாகப் போகலாம் என்பதும் உண்மைதான். ஆனால் கட்டுவதற்கு முன்னால் கேட்டிருக்கலாமே!"

"நாலாவதுக்கு வாய் மட்டும் நீளம்!" என்று சிரித்தது குரங்கு.

செங்குத்துப் பாறை வந்தது. அங்கே குரங்கைத்தான் பார்க்க வேண்டும்! ஒரே தாவல், இன்னொரு தாவல், உச்சி! மேலிருந்தபடியே, "வலப்பக்கம் கால் வைக்க இடம் இருக்கிறது! அந்தக் கல் ஆடும், மிதிக்காதே!" என்று ஒவ்வொருவருக்கும் வழி சொன்னது. பன்றியைப் பின்னாலிருந்து நீர்நாய் முட்டுக் கொடுத்துத் தள்ளியது. நால்வரும் மேலேறிப் பார்த்தபோது, செந்நாய்கள் இன்னும் பாதிப் பாறையில்தான் இருந்தன.

"முந்திவிட்டோம்!" என்று கூத்தாடியது குரங்கு.

பாறைக்கு அப்பால் பாதை இரண்டாகப் பிரிந்தது. நீர்நாய் காதைத் தரையோடு வைத்துக் கேட்டது.

"இடப்பக்கம் போவோம். அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது. ஆறு அந்தப் பக்கம்தான்."

"வலப்பக்கம் அகலமான பாதை," என்றது கடமான். "அதில்தான் என்னால் ஓட முடியும்."

"ஓடலாம். ஆனால் எங்கே போய்ச் சேர்வோம்?"

"இதோ பார் நாலாவது, உன் வேலை எண்ணிக்கைக்கு நிற்பது!"

"எண்ணிக்கைக்கு வந்தவளுக்குக் காது இருக்கக் கூடாதா? நான் சொல்வது தப்பென்றால் ஏன் தப்பென்று சொல்லுங்கள்!"

கடமான் கொடியை வெடுக்கென்று இழுத்தது. நால்வரும் வலப்பக்கம் ஓடினார்கள். ஓடினார்கள், ஓடினார்கள், கடைசியில் ஒரு மூங்கில் புதரில் போய் முட்டிக்கொண்டு நின்றார்கள். பாதை அங்கேயே முடிந்துபோனது. திரும்பி வந்தபோது இடப்பக்கப் பாதையின் ஈரமண்ணில் பதினாறு செந்நாய்க் காலடிகள் புத்தம் புதிதாய்ப் பதிந்திருந்தன.

"போச்சு! எல்லாம் போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டது குரங்கு.

"ஒன்றும் போகவில்லை," என்றது நீர்நாய். "முன்னால் முள்காடு. செந்நாய்கள் அதைச் சுற்றித்தான் போகும். கிழங்கண்ணே, நீங்கள் நேராகவே போவீர்களே?"

பன்றிக்குக் காது விடைத்தது. அதைப் பெயர் சொல்லி அன்று வேறு யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

"நேராகப் போவதா? எனக்கு வேறு எப்படியும் போகத் தெரியாதே!"

தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தது பாருங்கள்! உண்ணிச்செடியெல்லாம் மடமடவென்று முறிந்தது. முள்ளெல்லாம் தெறித்தது. பன்றி போன வழி ஒரு குகை போலத் திறந்துகொண்டது. அதற்குள் மற்ற மூவரும் குனிந்து ஓடினார்கள். மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தபோது, எதிரில் ஆறு 'ஹோ'வென்று இரைந்துகொண்டிருந்தது.

செந்நாய்களும் அப்போதுதான் மேல்துறையில் இறங்கியிருந்தன. சுழல் ஒன்று அவற்றை மூன்று சுற்றுச் சுற்றி, இறங்கிய கரையிலேயே கொண்டுவந்து தள்ளியது. தலைவி சீழ்க்கையடித்தது. நான்கும் உடம்பை உதறிக்கொண்டு மறுபடி இறங்கின.

"சரியான சமயம்!" என்றது கடமான். "எனக்கா நீந்தத் தெரியாது?"

"நீந்தத் தெரியும். சுழல் எங்கே இருக்கிறது என்று தெரியுமா?" என்று நீர்நாய் கேட்டு முடிப்பதற்குள் கடமான் குதித்துவிட்டது.

ஒரு சுற்று. இரண்டு சுற்று. கொம்பு மட்டும் வெளியே தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை! பன்றியும் குரங்கும் கொடியைப் பிடித்து மூச்சு முட்ட இழுத்துக் கரையேற்றினார்கள். கடமான் தண்ணீரைக் கக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, நீர்நாயைப் பார்த்தது.

"உனக்கு... உனக்கு வழி தெரியுமா?"

"தெரியும். கேட்பீர்களா?"

"கேட்கிறேன்."

"அப்படியென்றால் என் இடுப்பிலிருந்து கொடியை அவிழ்த்து வாயில் கொடுங்கள். உங்களை இழுக்க எனக்குப் பலம் இல்லை. நான் போகும் வழியில் கொடி வரும். கொடி வரும் வழியில் நீங்கள் வாருங்கள். தொங்கானண்ணே, மான் முதுகில் ஏறிக்கொள்ளுங்கள். கிழங்கண்ணே, கடைசியில் வாருங்கள்."

சளக்! நீர்நாய் தண்ணீருக்குள் போனது. குட்டைக்காலா அது? துடுப்பு, பிள்ளைகளே, நான்கு துடுப்பு! இங்கே ஒரு பாறையை ஒட்டி வளைந்தது. அங்கே ஒரு சுழலின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நழுவியது. கடமான் கொடி போன வழியே பின்தொடர்ந்தது. குரங்கு கண்ணை இறுக மூடிக்கொண்டு கொம்பைக் கட்டிப்பிடித்திருந்தது. இடது கை ஓரத்தில் செந்நாய்களின் தலைகள் நான்கும் நெருங்கி நெருங்கி வந்தன.

கரை! நால்வரும் ஏறினார்கள். வட்டப்பாறை! நால்வரும் தாவினார்கள்.

கடமான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கத்தியது: "கொம்பையன்! தொங்கான்! கிழங்கன்!"

அப்புறம்?

அப்புறம் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

"நா... நாலாவது..."

"நாலாவது என்பது பெயரா, எண்ணா?" என்று கேட்டது, முன்பே பறந்து வந்து அங்கே காத்திருந்த நாரை.

கடமான் குரங்கைப் பார்த்தது. குரங்கு பன்றியைப் பார்த்தது. பன்றி தன் குளம்பைப் பார்த்தது. வாயைத் திறந்தால் அணி வெளியே. திறக்கலாம் என்றாலும் அவர்களுக்கு மட்டும் தெரியுமா என்ன? ஏன், கதை இவ்வளவு தூரம் வந்துவிட்டது, நீங்கள்கூட ஒருவராவது கேட்டீர்களா?

செந்நாய்கள் கரையேறின. ஒன்று பாறையில் தாவியது. இரண்டு. மூன்று. நான்காவது செந்நாய் வழுக்கி விழுந்தது. தலைவி குனிந்து அதன் பிடரியைக் கவ்வித் தூக்கியது.

நீர்நாயின் கண்ணில் சேறு நக்கிய இரண்டு குட்டிகளும் வந்து நின்றன. அது வாயைத் திறக்கவில்லை. கடமானுக்கு முன்னால் போய் நின்றது. கழுத்தை மட்டும் நீட்டியது.

கடமானுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் மாலையைக் கழற்றுவதா? காடே பார்த்துக்கொண்டிருக்கும்போதா?

"செம்பன்!" என்று தொடங்கிவிட்டது செந்நாய்த் தலைவி.

கடமான் தலையைத் தாழ்த்தியது. எவ்வளவு தாழ்த்தியது? குட்டைக்கால் நீர்நாயின் உயரத்துக்கு! ஆவாரம்பூ மாலை கொம்புக் கிளைகளில் சிக்கி, பூக்கள் உதிர, ஒரு வழியாக நழுவி நீர்நாயின் ஈரக்கழுத்தில் விழுந்தது.

"சீழ்க்கையன்! கருவாலன்!" என்று கத்தியது செந்நாய்த் தலைவி.

நீர்நாய் ஒரே மூச்சில் சொன்னது: "கொம்பையன்தொங்கான்கிழங்கன், குமிழி!"

"முடிந்தது!" என்று நாரை இறக்கையை விரித்தது. "ஒரே ஒரு பெயர் வித்தியாசத்தில் ஆழமடு குமிழியின் அணிக்கு!"

குரங்கு குட்டிக்கரணம் போட்டது. பன்றி பாறையிலேயே உருண்டது. செந்நாய்த் தலைவிகூட நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "பொல்லாத ஓட்டம்!" என்று மெச்சியது.

கடமான் மட்டும் காதைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. "அப்படியானால்... எங்களுக்கு மிச்சம் இருந்தால்தானா?"

"மிச்சம் என்ற பேச்சே கிடையாது," என்றது குமிழி. "முதலில் குட்டிகள் குடிக்கட்டும். அப்புறம் நம் நால்வர் கூட்டமும் முறை வைத்துக் குடிப்போம். அப்புறம் மற்றவர்கள்."

"குட்டிகள் என்றால் செந்நாய்க் குட்டிகளுமா?" என்று துள்ளியது குரங்கு.

"ஏன், அவை குட்டிகள் இல்லையா? இல்லையென்று சொல்லுங்கள், வாதாடலாம். எனக்கு நேரம் இருக்கிறது."

குரங்கு வாயைப் பொத்திக்கொண்டது.

எல்லாரும் மடுவைப் பார்க்கப் புறப்பட்டார்கள். சற்றுத் தூரம் போனதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று அகலம், ஒன்று குறுகல். முன்னால் போய்க்கொண்டிருந்த கடமான் நின்றது. திரும்பியது.

"குமிழி, எந்தப் பக்கம்?"

நீதி: ஒருவரை எண்ணிக்கையில் சேர்த்தால் மட்டும் போதாது, அவர் பெயரையும் கேட்க வேண்டும், பேச்சையும் கேட்க வேண்டும்.