சுரங்கம் இல்லாத களஞ்சியம்

காடு முடிந்து வயல் தொடங்கும் ஓர் இடத்தில், ஒரு புளியமரத்தடி வளைக்குள், வயலெலிகள் பெரிய தானியக் கிடங்கு ஒன்றை நடத்திவந்தன. அணில், மைனா, முயல் எல்லாம் கோடையில் சேர்த்ததை அங்கே கொண்டுவந்து கொடுக்கும். மழை பிறந்த அன்று திரும்ப வாங்கிக்கொள்ளும். காத்த கூலியாக எலிகளுக்கும் ஒரு பங்கு உண்டு.

"எலிக் கிடங்கில் போட்டது எமனே வந்தாலும் போகாது" என்று காடே சொல்லும். அதைக் கேட்டால் எலிகளின் மீசை தானாக முறுக்கிக்கொள்ளும்.

கிடங்கின் காவல் மிளகி என்ற பெண் எலியின் பொறுப்பு. மிளகைப் போலச் சின்ன உருவம், கறுத்த மேனி. தன் வேலையில் அவளுக்குப் பெருமை கொஞ்சம் அதிகம்தான். இருக்கட்டுமே, வேலை செய்கிறவளுக்குத்தானே பெருமை வரும்.

ஒவ்வோர் அறை வாசலிலும் அவள் ஒரு கல் வைத்திருந்தாள். போகும்போது உருட்டித் திறக்க வேண்டும், வரும்போது உருட்டி மூட வேண்டும். தலைவர் தொந்தியப்பனுக்குச் சொகுசுதான் முக்கியம்.

"போனால் ஒரு கல், வந்தால் ஒரு கல். என் இடுப்பே கழன்றுவிடும் போலிருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துப் போடு, மிளகி" என்றார்.

"எடுக்கிறேன் தலைவரே. குட்டிகள் தூங்கும் அறைக் கல்லை மட்டும் எடுக்கமாட்டேன்" என்றாள் மிளகி.

அத்தோடு விட்டாளா? வரப்புக்கு அப்பால், ஒரு பாறை இடுக்கில், தனியாக ஒரு களஞ்சியம் வைத்தாள். கிடங்கிலிருந்து அங்கே போகச் சுரங்கமே கிடையாது; இங்கே எது புகுந்தாலும் அங்கே போய்விடக் கூடாதே. எலிகளின் கூலியில் பாதியை அமாவாசைதோறும் சுமந்துபோய்ச் சேர்ப்பாள். அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கடித்துப் பார்ப்பாள். புழுத்ததை வீசிவிடுவாள். பிறகு இளசுகளை வரிசையில் நிறுத்தி, அங்கிருந்து மூட்டை சுமந்துவரப் பழக்குவாள்.

"கல்யாணமே காணோம், அதற்குள் சீர்வரிசை தூக்குகிறார்களே!" என்று தொந்தியப்பன் வயிறு குலுங்கச் சிரிப்பார். மிளகிக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் அடுத்த அமாவாசைக்கு மூட்டையைத் தூக்கிவிடுவாள்.

மழைக்கு முதல் நாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கிடங்கு வாசலில் பச்சை இலையால் பொதிந்த ஒரு பொட்டலம் கிடந்தது. "மைனா வீட்டு விசேஷப் பலகாரம், சூடு ஆறுவதற்குள் சாப்பிடுங்கள்" என்று புதருக்குள்ளிருந்து மைனாவின் குரல் கேட்டது.

"தலைவரே, மைனாவை நேரில் கேட்டு வருகிறேன். அதுவரை இது வெளியிலேயே இருக்கட்டும்" என்றாள் மிளகி.

"பலகாரத்துக்குக்கூடவா விசாரணை? நல்ல கூத்து" என்ற தொந்தியப்பன், பொட்டலத்தை நடு அறைக்கே தூக்கிப்போய்க் கடித்துப் பிரித்தார்.

உள்ளே இருந்தது பலகாரம் இல்லை, பிள்ளைகளே. முசுறு! மாமரத்தில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டுமே, கடித்தால் விடாதே, அந்தச் சிவப்பு எறும்பு. கல் இல்லாத வாசல்களில் புகுந்து, கண் மூடித் திறப்பதற்குள் எல்லா அறைகளிலும் பரவிவிட்டது. மிளகி பாய்ந்துபோய்க் குட்டிகள் அறையின் கல்லை உருட்டி மூடினாள். அந்த அறைக்கு இருந்த பின்வழியாகக் குட்டிகளை வெளியே கொண்டுவந்தாள். மற்ற எலிகளும் அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தன.

அப்போது புதரை விலக்கிக்கொண்டு வந்தான் நயவன் என்ற நரி. மைனா குரலில் பேசியவன் அவன்தான்.

"அடடா, நாளைக்கு மழையாயிற்றே. எல்லோரும் தானியம் கேட்டு வந்து நிற்பார்களே. முசுறுகள் என் சொல்லைத்தான் கேட்கும். வாரம் ஒரு குட்டி கொடுங்கள், இப்போதே வெளியே கூப்பிட்டுவிடுகிறேன்" என்றான்.

தாய் எலிகள் குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டன. "வேறு வழி இல்லையே..." என்று தொந்தியப்பன் முனகினார்.

மிளகிக்கும் பயம்தான். ஆனால் ஒன்று அவளுக்குத் தெரியும். முசுறு யார் வீட்டு நாயும் இல்லை, கூப்பிட்டதும் வாலாட்டிக்கொண்டு வர.

"நரியாரே, உங்கள் சொல்லைக் கேட்குமென்றால், முதலில் ஒரே ஓர் அறையைக் காலிசெய்து காட்டுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்" என்றாள்.

நயவன் இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை பேர் பார்க்கப் பின்வாங்க முடியுமா? வளையில் மூக்கை நீட்டி, "வெளியே வாருங்கள்" என்று அதட்டினான். முசுறுகள் வந்தன. வந்து, அவன் மூக்கைக் கவ்விப் பிடித்துக்கொண்டன. அன்று ஊளையிட்டுக்கொண்டு ஓடியவன் அந்தப் பக்கம் மறுபடி தலைகாட்டவில்லை.

"நரி தொலைந்தான். நாளைக்கு வருகிறவர்களுக்கு நான் என்ன சொல்வேன்?" என்று கலங்கினார் தொந்தியப்பன்.

"வாருங்கள் தலைவரே, சீர்வரிசை தூக்கலாம்" என்றாள் மிளகி.

மறுநாள் மழை கொட்டியது. பழகிய கால்கள் பாதை தவறவில்லை. பாறை இடுக்கிலிருந்து மூட்டைகள் வரிசையாக வந்து இறங்கின.

"கிடங்கில் முசுறு புகுந்துவிட்டது. இன்றைக்குப் பாதிதான் தர முடியும். மீதி அது போன பிறகு" என்று மிளகி ஒளிக்காமல் சொன்னாள்.

அணில் ஒரு மணியைக் கடித்துப் பார்த்தது. "நேற்று அறுத்ததுபோல் இருக்கிறதே. பிள்ளைகள் பசியாற இது போதும், மீதி மெதுவாக வரட்டும்" என்றது.

இலை இல்லாத மண்ணுக்குள் முசுறு எத்தனை நாள் குடித்தனம் நடத்தும்? தானாகவே மரமேறிப் போய்விட்டது. தானியத்தை அது தொடக்கூட இல்லை. மீதியும் அவரவர் வீடு போய்ச் சேர்ந்தது. "எலிக் கிடங்கில் போட்டது எமனே வந்தாலும் போகாது" என்று காடு மறுபடி சொன்னது. மிளகியின் மீசை முறுக்கிக்கொண்டது. முறுக்கட்டும், அவள் சம்பாதித்த பெயர் அது.

வாசல்தோறும் கல் திரும்ப வந்தது. அடுத்த அமாவாசையில், எல்லோருக்கும் முன்னால் மூட்டை சுமந்து போனவர் தொந்தியப்பன்.

"என்ன தலைவரே, எங்கே கல்யாணம்?" என்று கிளையிலிருந்து கேட்டது மைனா.

"கல்யாணம் இல்லையம்மா. வரவே கூடாத ஒரு நாளுக்கு இன்றைக்கே பழகிக்கொள்கிறோம்" என்றார் அவர், தலையை நிமிர்த்திக்கொண்டு.

நீதி: மீளும் வழியை முன்பே பழகிவைத்தவரை எந்த மிரட்டலும் பணியவைக்காது.