முட்டையில் கறுத்த வெள்ளிக்காசு

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னே கருவேலி நாட்டை மகுடராயர் என்றொரு ராஜா ஆண்டார். மாசத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும் மகராசனுக்கு. அந்த மாசம் பிடித்தது, பிழையாக அச்சடித்த காசு சேர்க்கும் பைத்தியம். அப்படி ஒரு வெள்ளிக்காசு கொண்டுவந்தால் ஒரு பொன் பரிசு. அதை அடித்த ஆசாரிக்கோ காசுக்கு ஒரு மாதம் சிறை.

காசுகளைச் சோதிக்கும் நோட்டக்காரர் சாம்பமூர்த்திக்கு வாயெல்லாம் பல். காசடிக்கும் அம்பலவாண ஆசாரியை ராஜா ஒருநாள் சபையில் புகழ்ந்ததிலிருந்து மனுஷனுக்கு வயிற்றெரிச்சல். கறுத்ததும் பழுத்ததுமாக முப்பது காசைப் பொறுக்கி வந்து, அச்சிலேயே கருகியவை என்று சாதித்தார். முப்பது பொன் இவர் மடியில், முப்பது மாதச் சிறை ஆசாரி தலையில்.

ஆசாரியின் மனைவி உலகம்மை அழுதுகொண்டு உட்காரவில்லை. நேரே சபைக்குப் போய், ராஜாவின் கையாலேயே ஒரு காசும் ஒரு நாள் தவணையும் கேட்டாள். ராஜாவுக்கு வேடிக்கையாகப்பட்டது. குறுவாளால் காசில் ஒரு கீறல் போட்டுக் கொடுத்தார். நோட்டக்காரர் அப்போது அங்கே இல்லை.

மறுநாள் சபையில் கன்னங்கரேலென்று ஒரு காசை நோட்டக்காரரிடம் நீட்டினாள். அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"அபூர்வம், மகாராஜா. அந்த முப்பதையும் இது தூக்கிச் சாப்பிட்டுவிடும். அச்சிலேயே கருகியிருக்கிறது."

"நேற்று மகாராஜா கொடுத்த காசுதான் ஐயா. அவித்த முட்டையை உதிர்த்து, அதோடு மூடி வைத்தேன்," என்றாள் உலகம்மை.

ராஜா வாங்கிப் பார்த்தார். கீறல் இருந்தது. முட்டை நாற்றமும் இருந்தது.

இது ஒன்றுதான் அப்படி, மற்றதெல்லாம் அசல் பிழை என்று நோட்டக்காரர் மழுப்பினார். உலகம்மை அவருடைய திருநீற்றுப் பையையே கேட்டு வாங்கி, ஒவ்வொரு காசாகத் தேய்த்தாள். இருபத்தொன்பதும் பளிச்சென்று வெளுத்தன.

முப்பதாவதும் வெளுத்தது. ஆனால் அதில் பொறித்திருந்த மீனுக்கு மட்டும் இரண்டு வால். அவள் கை நின்றுபோனது. வேறு யாரும் கவனிக்கவில்லை; சத்தமில்லாமல் குவியலில் போட்டிருக்கலாம். ராஜாவிடம் நீட்டினாள்.

"இது நிஜப் பிழை, மகாராஜா. முதல் அடியில் காசு நழுவி, மேலே இன்னொரு அடி விழுந்திருக்கிறது. வருஷம் முழுக்கத் தேய்த்தாலும் இந்த வால் போகாது. என் வீட்டுக்காரர் தப்புதான்."

"ஒளித்திருக்கலாமே, அம்மா?"

"ஒளித்தால் இந்த ஐயாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். அந்த ஒரு மாதத்தையும் மன்னித்து, ஆசாரியை உடனே விடுவிக்கச் சொன்னார். இருபத்தொன்பது பொய்க்கு இருபத்தொன்பது மாதம் நோட்டக்காரருக்குப் போனது. அவர் உட்கார்ந்திருந்த ஆசனம் உலகம்மைக்கு வந்தது.

அதில் அமர்ந்ததும் அவள் போட்ட முதல் உத்தரவு, சிறையிலிருந்து அப்போதுதான் வந்து நின்ற புருஷனுக்கு.

"ஏங்க, இனிமே காசை நழுவவிடாம அடிங்க. நோட்டம் பார்க்கிறது நானாக்கும்."