சாம்பாரில் விழுந்த இடது காது

முதலில் கெடுதல் செய்தவன் கொம்பையா. அதில் மாசானமுத்துவுக்கு இந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

கொம்பையா அவருடைய தங்கை புருஷன். கோயில் கொடைத் திருவிழாவுக்கு மாசானமுத்து சமைத்த வருஷம், வெண்கல உருளி ஒன்று காணாமல் போனது. ஊர்க்கூட்டத்தில் கொம்பையா எழுந்து நின்று, "மாசானமுத்து திருடன்" என்றான். மூன்றாம் நாள் உருளி கோயில் கிணற்றில் கிடைத்தது. உருளி திரும்பியது, சொல் திரும்பவில்லை. 'தப்பாச் சொல்லிட்டேன்' என்று அதே கூட்டத்தில் அவன் சொல்ல வேண்டும். மாசானமுத்துவுக்கு வர வேண்டியது அந்த ஒரு சொல்தான்.

அவர் ஊரைவிட்டு வந்து ஒரு சட்டக் கல்லூரி விடுதியில் சமையல்காரராகச் சேர்ந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் பேராசிரியை செண்பகவல்லி ஒரு காகிதம் ஒட்டினார். சட்ட மாணவர்கள் கேட்க வேண்டிய பாட்காஸ்ட்கள், மொத்தம் ஏழு.

"மேடம், இது என்னது?"

"போன்ல கேக்குற பேச்சு, அண்ணாச்சி. சட்டம் பேசுவாங்க."

"பீஸ் உண்டா?"

"கேக்குறதுக்கு ஏது பீஸ்?"

மாசானமுத்துவுக்கு வயது அறுபத்திரண்டு. செண்பகவல்லிக்கு முப்பத்தைந்து. அன்றிலிருந்து அந்த அம்மாள்தான் அவருக்குக் குரு.

ஏழில் ஆறு இங்கிலீஷ். ஏழாவது தமிழ். வெங்காயம் உரிக்கும்போதும் அரிசி களையும்போதும் ஒரு மாதம் அதையே கேட்டார். பிறகு ஒரு நாள், பிள்ளைகள் எல்லாம் சாப்பிட்டுப் போனதும், கடைசியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த செண்பகவல்லியின் முன்னால் வந்து நின்றார்.

"கேக்கக் கேக்கக் குழப்பம்தான் கூடுது, மேடம்."

"என்ன குழப்பம்?"

"அந்த வக்கீல் ஐயா என்கிட்டதான் பேசுதாரு."

செண்பகவல்லியின் கை இலையிலேயே நின்றது.

"அவர் ஒண்ணு கேப்பாரு. அப்புறம் சும்மா இருப்பாரு. நான் பதில் சொல்லுவேன். 'நீங்கள் சொல்வது சரி'ம்பாரு. உங்ககிட்ட சொன்ன கொம்பையா சங்கதியை அப்படித்தான் முழுசும் சொன்னேன். ஒண்ணையும் மறுக்கலை."

"சரி."

"நேத்து இன்னொரு பேச்சைப் போட்டு, அதே சங்கதியை இன்னும் விளக்கமாச் சொன்னேன். 'இதை நான் ஏற்க முடியாது'ன்னுட்டாரு. ஒரு மாசமா சரி, நேத்து மட்டும் இல்லையா? அவரையும் கொம்பையா கைக்குள்ள போட்டுட்டானா?"

"அவர் என்ன சொன்னா உங்களுக்கு என்ன?"

"திங்கக்கிழமை வழக்குப் போடப் போறேன், மேடம். கொடைக்கு முன்னாடி கொம்பையாவைக் கூண்டுல ஏத்துறேன்னு தங்கச்சிகிட்ட சொல்லியாச்சு. அவ ஊர் பூராச் சொல்லிட்டா. இனிப் போடலேன்னா, அன்னைக்குத் திருடன், இன்னைக்குப் பொய்யன். எதை நம்பிப் போக?"

செண்பகவல்லி கை கழுவிவிட்டு வந்தார்.

"இயர்போனைக் கொடுங்க."

வாங்கி, இடது பக்கத்தைக் காதில் வைத்தார். எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"இது ஏன் புளி வாசம் அடிக்குது?"

"தை மாசம் சாம்பார்ல விழுந்துட்டு. துடைச்சு வச்சிருக்கேன். வலது பக்கம் நல்லாத்தான் பேசுது."

செண்பகவல்லி தன் பையிலிருந்து வேறு இயர்போனை எடுத்துப் போனில் மாட்டினார். மாசானமுத்துவின் இரண்டு காதிலும் வைத்தார். அவர் முதன்முதலில் கேட்ட பேச்சைத் தேடிப் போட்டார்.

வக்கீல் வந்தார். "பொய்ப்பழி சுமத்தியவர் மீது வழக்குப் போட முடியுமா?"

மாசானமுத்து பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் இடது காதில் ஒரு பெண் பேசினாள்.

"முடியும். ஆனால் ஓராண்டுக்குள் போட வேண்டும். அது தாண்டினால் நீதிமன்றம் ஏற்காது."

"நீங்கள் சொல்வது சரி," என்றார் வக்கீல்.

மாசானமுத்து காதிலிருந்து பிடுங்கினார்.

"யாரு இந்தப் பொம்பளை?"

"அவங்க முதல் நாள்ல இருந்தே இருக்காங்க. ரெண்டு பேர் பேசுற பேச்சு, அண்ணாச்சி. ஒருத்தர் குரல் இந்தக் காதுக்கு, மத்தவங்க குரல் அந்தக் காதுக்கு."

"அப்போ அவர் சரின்னது என்னை இல்லையா?"

"இல்லை."

மாசானமுத்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு மாதமாக அவர் பக்கம் பேசிய ஒரே மனுஷன் போய்விட்டான்.

"திங்கக்கிழமை போட்டா?"

"காலம் கடந்ததுன்னு தள்ளிருவாங்க."

பிறகு செண்பகவல்லி கேட்டார்.

"அன்னைக்குக் கூட்டத்துல கொம்பையா என்ன சொன்னார்?"

"மாசானமுத்து திருடன்."

"'திருடன்'னு நிறுத்தினாரா, 'திருடன்னு' இழுத்தாரா?"

"அதுல என்ன இருக்கு?"

"'திருடன்னு எனக்கு அப்பவே தெரியும்'னும் முடியலாம். 'திருடன்னு சொல்ல யாருக்கு வாய் வரும்'னும் முடியலாம்."

மாசானமுத்து யோசித்தார். கூட்டம் ஞாபகம் வந்தது. கொம்பையாவின் வாய் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு வெறும் தெருதான் ஞாபகம் வந்தது.

"அந்தச் சொல்லு காதுல விழவும் எந்திரிச்சிட்டேன். செருப்பைக்கூட எடுக்கலை."

"அப்புறம் யாரையும் கேக்கலையா?"

"தங்கச்சி ரெண்டு தரம் என்னமோ சொல்ல வந்தா. கொம்பையா பேச்சை எடுத்தா வீட்டுக்கு வராதேன்னுட்டேன்."

சொல்லிவிட்டு அவரே சட்டென்று நிமிர்ந்தார்.

"எப்படி முடிச்சிருந்தா என்ன, மேடம்? உருளி கிடைச்ச அன்னைக்கு அவன் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கணுமா இல்லையா?"

"சொல்லியிருக்கணும்."

"அப்போ பாக்கிதானே?"

"பாக்கிதான். காலம் கடந்தா வழக்குதான் போகும், பாக்கி போகாது."

"போகாத பாக்கியை நான் கேக்க முடியாதா?"

செண்பகவல்லி தன் இயர்போனைச் சுருட்டி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"கோர்ட்ல கேக்க முடியாது, அண்ணாச்சி. காதால கேக்கலாம்."

மாசானமுத்து இயர்போனை வேட்டி மடிப்பில் செருகினார். இடது காதை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார். கொம்பையா தர வேண்டிய சொல் இன்னும் வரவில்லை.