பிரிக்கக் கூடாத பெட்டி

தூத்துக்குடியில் சிவசூரியன் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் சாமான் கடையில் ஒரு சட்டம்: பெட்டியைப் பிரித்துப் பார்க்கக் கூடாது, வாங்கினால் திருப்பித் தரவும் கூடாது. கல்யாண வீடியோ எடுக்கும் ஜெயராணி, குறைந்த விலையில் ஒரு ஹார்ட் டிஸ்க் கேட்டு வந்து நின்றாள்.

"ஏ புள்ள, இதை எடு. ஊர்க் கல்யாணம் பூராவும் இதுக்குள்ள அடங்கும். ஆயுசுக்கும் அழியாது!" என்றார் அண்ணாச்சி.

கடை டிவியில் அவர் மகள் கல்யாண வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"சரி அண்ணாச்சி. அந்த வீடியோவை இதுல ஏத்திட்டு, உங்ககிட்ட இருக்கதை அழிச்சிருங்க. இப்பவே வாங்கிக்கிடுதேன்."

கடையே வாயைப் பிளந்து அவளைப் பார்த்தது. அண்ணாச்சி மெல்லக் குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து வேறொரு பெட்டியை எடுத்து நீட்டினார்.

"விலை அதேதான் தாயி. இதுல கொஞ்ச வீடியோதான் கொள்ளும். ஆனா எம்மவ கல்யாணம் இதுமாதிரி ஒண்ணுலதான் இருக்கு."