டீ குடிக்கப் போன கொற்றி

தூத்துக்குடியில் ஒரு மாடி அறை. அந்த அறையில் ஒரு மேசை. மேசையின் மேல் ஒரு ராஜ்ஜியமே நடந்துகொண்டிருந்தது.

அந்த ராஜ்ஜியத்துக்கு ராஜா ஒரு பெரிய புத்தகம். கெட்டி அட்டை, அதில் ‘கோட்டையும் கொள்ளிவாயும்’ என்று பொன் எழுத்து. அது ஒரு விளையாட்டின் சட்டப் புத்தகம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனைக் கற்பனை செய்துகொண்டு, பகடை உருட்டி அரக்கர்களோடு சண்டை போடுகிற விளையாட்டு. யார் எவ்வளவு தூரம் ஓடலாம், எந்தக் கத்தி எவ்வளவு ஆழம் வெட்டும், எவன் எப்போது சாக வேண்டும், எல்லாம் அது சொன்னால்தான் செல்லும்.

அதே மேசையில், முறுக்குத் தட்டுக்கு அடியில், மெல்லிசாக இன்னொரு புத்தகமும் கிடந்தது. ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்தது. பெயர் ‘கோட்டையும் கொத்து பரோட்டாவும்’. ராஜாவைக் கேலி செய்து, அந்த மேசையில் ஆடுகிற நாலு பேருமே உட்கார்ந்து எழுதியது. அதில் வீட்டு ஓனர் என்று ஓர் அரக்கன் உண்டு. எந்த ஆயுதமும் அவன்மேல் படாது, மோட்டார் போடும் சத்தம் கேட்டால் மட்டும் தோன்றுவான். பறக்கும் கரப்பான் என்று ஒன்று உண்டு. அதைக் கண்டால் யானை மேல் இருக்கிற வீரனும் இறங்கி ஓட வேண்டும்.

இந்தக் கேலிப் புத்தகத்தின் பேச்சும் சில நாள் அந்த மேசையில் எடுபடும். அதில் உள்ள விதி ஒன்றைப் படித்ததும் எல்லோரும் சிரித்துவிட்டால், அன்றைக்கு மட்டும் அந்த விதி செல்லும். ஒருவர் சிரிக்காவிட்டாலும் செல்லாது. அவர்களாக வைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

சரி, இப்போது வந்த சங்கடத்தைச் சொல்ல வேண்டும்.

நாலு பேரில் ஒருத்தி ஷமீனா. நர்ஸ் வேலை கிடைத்து குவைத்துக்குப் போய்விட்டாள். அவளுடைய வீராங்கனை, வில்லாளி கொற்றி, ஒரு தாளில் எழுதப்பட்டிருந்தாள். பலம், அம்பு எண்ணிக்கை, பட்ட காயம் எல்லாம் பென்சிலில் எழுதி எழுதி அழித்து, அந்தத் தாள் நைந்து போயிருந்தது. ஷமீனா கொஞ்ச நாள் போனில் ஆடிப் பார்த்தாள். டியூட்டி மாறியது, நேரம் ஒத்துவரவில்லை. எனக்காகக் காத்திருக்காதீர்கள் என்று ஒரு நாள் சொன்னாள். பிறகு அதையும் சொல்லவில்லை.

கொற்றி மட்டும் கதையில் ஒரு பாலத்தின் நடுவில், கொள்ளிவாய் அரக்கனுக்கு எதிரே, அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆட்டத்தை நடத்துகிற ரூபன் உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டான். கொற்றி இன்றைக்குப் பாலத்தில் விழட்டும், நல்ல வீரச்சாவாகவே வைத்துக்கொள்ளலாம், கதை நகர வேண்டுமே என்றான். ஷமீனாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றாள் வான்மதி. அவள்தானே காத்திருக்க வேண்டாம் என்றாள் என்றான் ரூபன். ஜெபஸ்டின் முறுக்கை எடுத்துக் கடித்தான்.

கொற்றியின் தாள் மெல்லப் பெரிய புத்தகத்தின் பக்கம் திரும்பியது. “அண்ணாச்சி, நான் செத்துத்தான் ஆகணுமா?”

பெரிய புத்தகம் எப்போதும் போல நிதானமாகச் சொன்னது. “ஆடுபவர் இல்லாத வீரர் அம்பு எய்ய இயலாது. எய்யாதவர் அடிபடுவார். அடிபட்டவர் இறப்பார். இதில் எனக்கு வருத்தமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை.”

தட்டுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. “எங்கிட்ட ஒரு விதி இருக்குக்கா. ஆட்டத்துக்கு வராதவங்களோட ஆளு சாகக் கூடாதுன்னு.”

இருபது முகப் பகடை உருண்டு உருண்டு சிரித்தது. “ஏலே, எண்ணெய் துடைக்கிற பய நீ. நீ ஒருத்தியைக் காப்பாத்தப் போறியாக்கும்?”

“அது வேடிக்கை,” என்றது பெரிய புத்தகம். “விதி அன்று.”

“வேடிக்கைதான் அண்ணாச்சி. அதுக்காக அது பொய்யாயிருமா?”

கொற்றி ஆட உட்கார்ந்திருந்த மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். இன்றைக்கு இதுகளில் எது சிரிக்கும் என்று கேட்டாள். கேலிப் புத்தகம் அதற்கும் அசரவில்லை. படிக்க வைப்பது என் பாடு, சிரிப்பது அவர்கள் பாடு என்றது. பிறகு பகடையிடம் திரும்பி, அரக்கனுக்காக உன்னை உருட்டும்போது எண்ணை மாற்றிக் காட்டுவாயா என்று விசாரித்தது.

பகடைக்குக் கோபம் வந்துவிட்டது. “விழுந்த எண்ணு விழுந்ததுதான். களவாணித்தனம் எங்கிட்ட ஆகாது.”

“மாத்த வேண்டாம். எண்ணே காட்டாம நிக்க முடியுமா?”

“எது மேலயாவது சாஞ்சு நின்னா முடியும். சாஞ்ச பகடை செல்லாது, திரும்ப உருட்டணும். அது அண்ணாச்சியோட சட்டம்தான்.”

“போதும்,” என்றது கேலிப் புத்தகம்.

ஜெபஸ்டினுக்கு மனசு சரியில்லை என்றால் முறுக்கு வேகமாகக் குறையும். தட்டு இலேசானது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கேலிப் புத்தகம் காற்றைப் பிடித்து, ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி, இம்மி இம்மியாக வெளியே நகர்ந்தது.

ரூபன் உருட்டினான். பகடை ஓடி வந்து கேலிப் புத்தகத்தின் ஓரத்தில் சாய்ந்து நின்றது. எந்த எண்ணும் இல்லை. ரூபன் உச்சுக்கொட்டிவிட்டு மறுபடி உருட்டினான். பகடை வேறு பக்கம்தான் ஓடியது. புத்தகம் தன் கிழிந்த மூலையை அங்கே நீட்டிவிட்டது. மறுபடியும் சாய்வு. வான்மதி பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அடுத்த முறையும் அப்படியே ஆனதும் ரூபன் பொறுமை இழந்தான். இந்தக் குப்பையை யார் இங்கே வைத்தது என்று சொல்லி, புத்தகத்தை உருவிக் குப்பைக்கூடையின் பக்கம் வீசக் கை ஓங்கினான்.

கூடையில் விழுந்தால் யாரும் படிக்கப் போவதில்லை. கேலிப் புத்தகத்துக்கு அது தெரியும். கொற்றியைக் காப்பாற்றும் விதி இருந்த பக்கம்தான் தன்னிடம் இருந்த பக்கங்களிலேயே எல்லோரும் அதிகம் சிரித்த பக்கம். அதை விட்டுவிட்டால் தன்னை யார் தேடப் போகிறார்கள் என்பதும் தெரியும். இருந்தும் பின்னின் பிடியைத் தளர்த்தியது. சர்ரென்று கிழிந்தது. புத்தகம் கூடைக்குப் போனது. பக்கம் மட்டும் சுழன்று வந்து, மேசையில் விரித்திருந்த வரைபடத்தில் பாலத்தின் மேல் விழுந்தது.

வான்மதி அதை எடுத்தாள். கேலிப் புத்தகத்தை மனசுக்குள் படிக்கிற பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. அதனால் சத்தமாகவே படித்தாள்.

“ஆட்டத்துக்கு வராதவரின் வீரர் சாக மாட்டார். அவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். டீ குடிக்கப் போன ஆளை அடிப்பது அரக்கனுக்கே அசிங்கம். அவர் திரும்பி வரும்வரை அந்த டீ ஆறாது. இப்படிக்கு, எப்போதும் லேட்டாக வரும் ஷமீனா.”

யாரும் சிரிக்கவில்லை.

ஜெபஸ்டின் வாயில் இருந்த முறுக்கை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. கூடைக்குள் கிடந்த கேலிப் புத்தகம் காத்திருந்து பார்த்தது. ஒரு சின்னச் சிரிப்புகூட வரவில்லை.

“ஒருவரும் சிரிக்கவில்லை,” என்றது பெரிய புத்தகம். “ஆகவே இது செல்லாது.”

ரூபன் பகடையைக் கையில் எடுத்தான். பிறகு அதை உருட்டாமல் ஓரமாக வைத்தான். வரைபடத்தில் கொற்றிக்காக வைத்திருந்த நீலச் சட்டைப் பொத்தானைப் பாலத்திலிருந்து எடுத்து, தன் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தான்.

“இருக்கட்டும்,” என்றான். “குடிச்சிட்டு வரட்டும்.”

அப்படியானால் அரக்கன் என்ன செய்வான் என்று ஜெபஸ்டின் கேட்டான். அவனும் நிற்பான், அவனுக்கும் மானம் இருக்காதா என்றாள் வான்மதி. மற்ற மூன்று வீரர்களும் அன்றைக்குப் பாலத்தை விட்டு ஆற்றில் இறங்கி நடந்தார்கள். சுற்று வழிதான். கழுத்தளவு தண்ணீர். நடந்தார்கள்.

புறப்படும்போது வான்மதி கூடைக்குள் கை விட்டு மெல்லிய புத்தகத்தை எடுத்து, தூசி தட்டி மேசையில் வைத்தாள். கொற்றி அதனிடம் கேட்டாள், “யாருமே சிரிக்கலையே தம்பி, உனக்கு வருத்தமில்லையா?”

“சிரிச்சிருந்தா இன்னிக்கு மட்டும்தான்க்கா செல்லும்,” என்றது கேலிப் புத்தகம். “இவங்க சிரிக்காம கேட்டுக்கிட்டாங்க.”

அந்தக் கிழிந்த பக்கத்தை எங்கே வைப்பது என்று ரூபன் யோசித்தான். கடைசியில் பெரிய புத்தகத்தைத் திறந்து, சாவைப் பற்றிய விதிகள் இருக்கும் இடத்தில் செருகி மூடினான்.

மூடிய அட்டைக்குள் ராஜாவின் குரல் கேட்டது. அது தன் பக்கங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது:

“கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்கள்.”