வலது பக்கம் பார்க்க மறுத்த யானை

சித்தாரங்குளம் கடைத்தெருவில் மூன்று பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ரப்பர் ஸ்டாம்புக் கடை திறந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் மூளையும் போட்டிருந்தால் தேவலை. அதை மட்டும் மறந்துவிட்டார்கள். மூத்தவர் மாசானமுத்து. மற்ற இருவர் கொம்பையா, பலவேசம்.

முதல் ஆர்டர் பாலர் பள்ளி எஸ்தர் டீச்சரிடமிருந்து வந்தது.

"நல்லா எழுதுற பிள்ளைக நோட்டுல குத்த ஒரு யானை வேணும். பிள்ளை பேரு வலது பக்கம் இருக்கும், யானை அதைப் பார்த்து நிக்கணும். சரியா வந்தா இன்னும் பதினோரு மிருகம் தாரேன்."

இந்த ஆர்டரை மாசானமுத்து விடுவதாக இல்லை. "வர்ற முத ஆர்டரையே சொதப்புனீங்கன்னா, கடையைப் பூட்டிட்டு எங்க அண்ணன் ரைஸ்மில்லுல மூட்டை தைக்கப் போயிரணும்" என்று மனைவி பேச்சியம்மா காலையில்தான் சொல்லியிருந்தாள். அந்த மச்சான் முகத்தில் தினமும் முழிக்க மனுசனால் ஆகாது.

ரப்பரில் யானையை வலது பக்கம் பார்த்தே வெட்டினார்கள். தும்பிக்கை, தந்தம், வால் மயிர்கூட விடவில்லை. மையில் ஒற்றித் தாளில் குத்தினார் மாசானமுத்து. யானை இடது பக்கம் பார்த்து நின்றது!

"ஏலே, திரும்பிட்டுலே! யாரு கூப்பிட்டா அதை?"

இடது பக்கம் உட்கார்ந்து கொம்பையா வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். ஆள் அகப்பட்டுவிட்டான்! பழத்தைப் பிடுங்கி வலது பக்கம் வைத்து மறுபடியும் குத்தினார்கள். யானை பழத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாகன் இல்லாத யானை அண்ணாச்சி. யாரு சொன்னா கேக்கும்?" என்றார் பலவேசம்.

நியாயமான பேச்சுதானே? புது ரப்பரில் யானையை வலது பக்கம் பார்த்து வெட்டி, அதற்கு முன்னால் காதைப் பிடித்து இழுக்கிற பாகனையும் வெட்டினார்கள். குத்தினால், யானையும் இடது பக்கம், பாகனும் இடது பக்கம். இருவரும் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"படுபாவி, பாகனும் அதோட சேர்ந்துக்கிட்டானே!" மாசானமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து டீச்சர் வந்தார். தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"ரப்பர்ல வெட்டுறது தாள்ல திரும்பித்தான் விழும் அண்ணாச்சி. ஒரு கண்ணாடி வாங்குங்க. அதுல எப்படித் தெரியுதோ, அப்படியே வெட்டுங்க. நாளைக்கு வாரேன்."

ஆள் உயரக் கண்ணாடி வந்தது. மூவரும் அதன் முன்னால் நின்று உற்று உற்றுப் பார்த்தார்கள்.

"யானை தெரியுதாலே?"

"இல்ல அண்ணாச்சி. நாமதான் தெரியுறோம்."

"டீச்சர் படிச்சவங்க. தெரியுறதை வெட்டச் சொன்னாங்க. வெட்டுங்கலே!"

"கொஞ்சம் பொறுங்க, தலையைச் சீவிக்கிடுதேன்" என்றார் கொம்பையா.

மறுநாள் டீச்சர் வந்து, கொண்டுவந்த நோட்டில் ஆசையாகக் குத்தினார். மூன்று மீசைக்காரர்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யானை எங்க அண்ணாச்சி?"

மாசானமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டீச்சர் ஆர்டரை வேண்டாம் என்று சொல்லவில்லையே!

"கண்ணாடி தயாரா இருக்கு டீச்சர். யானையை நீங்கதான் கூட்டிட்டு வரணும். மத்த பதினொண்ணையும் ஒண்ணொண்ணா அனுப்புங்க, கடை சின்னது. புலி வர்ற அன்னைக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிருங்க. அன்னைக்குக் கொம்பையா ஒருத்தன் கடையைப் பார்த்துக்கிடுவான்."